கடலில் இறங்கும் கேமரா: ‘ஹராம்’ என்று சொல்லிவிடலாமா?



கோவளம் என்றதும் நம் குடும்பங்களில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தமீமுல் அன்சாரி தர்காதான். நபித்தோழர் ஒருவர் அங்கே அடங்கியிருப்பதாகத் தலைமுறை தலைமுறையாக மக்கள் நம்பி வருகின்றனர். அந்நம்பிக்கையின் வரலாற்று ஆதாரம் குறித்து ஆலிம்களிடையே பேச்சு உண்டு. அது இங்கு நம் பொருளன்று. மந்தைவெளியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்தக் கரைக்கு இன்று வேறொரு கூட்டமும் வந்து சேர்கிறது. விடியும் முன்பே பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர்கள் கடலுக்குள் இறங்குகிறார்கள். அலைச்சறுக்கு என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. பிள்ளைகள் ‘சர்ஃபிங்’ என்றே சொல்கிறார்கள்.

இது வெளிநாட்டார் கொண்டுவந்து கொட்டிய வேடிக்கை என்று எண்ணுவோர் மூர்த்தி மேகவன் என்ற பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோவளம் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அருண் வாசு என்ற தொழிலதிபருடன் சேர்ந்து 2012இல் அங்கே ஓர் அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். புகையும் மதுவும் கூடாது என்பது அப்பள்ளியின் நிபந்தனை. நம் மதரஸாக்களில் நாம் ஓயாமல் போதித்தும் சில தெருக்களில் கைகூடாத ஒன்றை ஒரு பலகையைக் காட்டி அம்மனிதர் முயன்றிருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. 2013 முதல் அங்கே அலைச்சறுக்கு விழாவும் நடக்கத் தொடங்கியது. சற்றுத் தெற்கே மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். மாமல்லபுரத்துக்காரரான அஜீஷ் அலியும் இந்தியாவுக்காகப் போட்டியிட்டவர்தான்.

பலகையில் நிற்பவரை உலகம் பார்க்கிறது. அவரைப் பார்க்க வைப்பவர் யார்? கரையில் நின்று நீண்ட லென்ஸில் எடுப்பவர் ஒருவகை. தண்ணீருக்குள்ளேயே நீந்திக்கொண்டு, நீர்புகாக் கூட்டில் அடைத்த கேமராவை ஒரு கையில் பிடித்து, அலை தலைக்குமேல் வளைந்து உடையும் நொடியில் விரலை அழுத்துபவர் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

எழுதக் காரணம் உண்டு. நம்மிடம் ஓதி ஹிஃப்ழு முடித்த மாணவர் ஒருவர், இப்போது கல்லூரியில் இருப்பவர், இந்தத் தொழிலுக்கே போகப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டார். அவருடைய அத்தா நம்மிடம் வந்தார். ஆலோசனை கேட்க வரவில்லை. “ஹஜ்ரத், நீங்க ஹராம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவன் கேட்டுக்குவான்” என்றார்.

இந்த ஒரு வாக்கியம் பல நாட்களாக நம்மை விட்டு அகலவில்லை. அந்தத் தகப்பனின் அச்சம் நியாயமானது. 2004 டிசம்பர் 26 அன்று சீனிவாசபுரத்தில் கடல் புகுந்ததைப் பக்கத்திலேயே இருந்து கண்ட தலைமுறை அவருடையது. ஆனால் தன் அச்சத்துக்கு அவர் மார்க்கத்தின் முத்திரையைக் கேட்கிறார். அல்லாஹ் தடுக்காத ஒன்றை நம் வசதிக்காக ‘ஹராம்’ என்பது சிறிய காரியமன்று. நாவுகள் புனைந்துரைக்கும் பொய்யைக் கொண்டு இது ஹலால், இது ஹராம் என்று கூறுவதை நஹ்ல் அத்தியாயம் வன்மையாகக் கண்டிப்பதை ஓதிக்கொடுக்கும் நாமே அதைச் செய்யலாகாது. பிள்ளை ஒருநாள் கிதாபைத் திறந்து பார்ப்பான். உஸ்தாது சொன்னது அங்கே இல்லையென்று கண்டால், அதன்பின் வட்டி ஹராம், மது ஹராம் என்று நாம் சொல்வதையும் ஐயத்தோடுதான் கேட்பான்.

ஆகவே விஷயத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் படம். உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவோர் பற்றிய எச்சரிக்கை ஹதீஸ்கள் வலுவானவை. அவற்றை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உருவம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைச் சொன்னபோது, செய்தே தீர வேண்டுமானால் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுங்கள் என்ற கருத்தில் அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இந்தச் செய்தியில் நமக்கு மிகப் பிடித்தது, வந்தவரின் வயிற்றுப்பாட்டை அவர்கள் மறக்கவில்லை என்பதுதான். தடுத்த கையாலேயே ஒரு வழியையும் காட்டினார்கள். அலைக்கு உயிரில்லை. ஆள் இல்லாத அலையைப் படமெடுப்பதில், அச்சிட்டுச் சட்டமிட்டு மாட்டுவதில், விற்பதில் தடை இல்லை.

அலையோடு மனிதரும் சேரும்போதுதான் கருத்து வேறுபாடு எழுகிறது. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்கள், கேமரா உருவத்தைப் படைப்பதில்லை, விழும் நிழலைப் பிடித்து நிறுத்துகிறது என்று வாதிட்டு அனுமதித்துத் தனி நூலே எழுதினார்கள். யூசுஃப் அல்கர்ளாவி அவர்களும் அனுமதித்தார்கள். தேவையின்றிக் கூடாது என்ற நிலையில் உறுதியாக நின்ற பெரியார்கள் இந்தியத் துணைக்கண்டத்தில் நிறைய உண்டு. திரையில் தோன்றி மறையும் டிஜிட்டல் காட்சி, தாளில் அச்சிட்ட படத்தைப் போன்றதன்று என்று முஃப்தி தகீ உஸ்மானி அவர்கள் வேறுபடுத்திக் காட்டியுள்ளார்கள். ஒவ்வொரு குடும்பமும் தாம் நம்பும் ஆலிமைப் பின்பற்றட்டும். ஆனால் நிக்காஹ்வுக்கு இரண்டு வீடியோகிராபரும் ஒரு டிரோனும் அமர்த்திவிட்டு, பிள்ளை அலையைப் படமெடுக்கும்போது மட்டும் தஸ்வீர் ஹதீஸை நினைவுகூர்வது என்ன நேர்மை என்பது நமக்கு விளங்கவில்லை.

இடையே ஒரு சொல். கேமரா என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் பெருமையோடு சொல்லப்படுகிறது. அது சரியன்று, அறை என்ற பொருள்படும் இலத்தீன் சொல் அது. இல்லாத பெருமை நமக்குத் தேவையில்லை. இருப்பதே பெரிது: பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி நேர்கோட்டில் நுழைவதை விளக்குகளை வைத்துச் சோதித்து எழுதினார். பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்படும் கதிரன்று, பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி என்று நிறுவினார். அந்த இருட்டறை சிறுத்துச் சிறுத்து இன்று பிள்ளையின் கையில் இருக்கிறது.

இனி, எதைப் படமெடுப்பது என்ற கேள்வி. நம் பார்வையில் இது முந்தையதைவிடக் கடுமையானது. அலைச்சறுக்குக் கரையில் எல்லா நாட்டு ஆண்களும் பெண்களும் எல்லா உடையிலும் இருப்பார்கள். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணுக்கும் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், உடலைக் காட்டி விற்கும் படத்தை எடுக்க மறுக்கும் துணிவு இல்லாதவர் இத்துறைக்குள் போக வேண்டாம். மறுப்பதால் வாய்ப்புகள் குறையும். அதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். இன்னொன்றும் உண்டு. குப்பத்துச் சிறுவர்களின் முகத்தை அவர்களின் பெற்றோரைக் கேட்காமலே எடுத்து, எங்கோ விற்றுக் காசாக்குவது அமானிதத்துக்குப் புறம்பானது. இதை யாரும் ஹராம் பட்டியலில் சேர்த்துப் பேசுவதில்லை; நாம் சேர்க்கிறோம்.

உடை பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. வெயிலும் உப்பும் பலகையின் விளிம்பும் கிழிக்காமலிருக்க, நீந்துவோர் முழுக்கை மேலாடையும் நீண்ட கால்சட்டையும் அணிவது அங்கே வழக்கமே. ஆணின் ஸத்ரு தானாகவே நிறைவேறுகிறது.

தொழுகை? இதை விசாரித்தபோது நமக்கு வியப்பே உண்டானது. நம் கரை கிழக்கு நோக்கியது. வைகறையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். அது எழும் அலையின் முகத்தைக் கலைக்காமல் கண்ணாடிபோல் நிறுத்தி வைக்கும். அப்போது நீருக்குள்ளிருந்து கடலை நோக்கினால், உதிக்கும் சூரியன் அலைக்குப் பின்னாலிருந்து ஊடுருவி அதைப் பச்சையாக ஒளிரச் செய்யும். முற்பகல் ஏறியதும் கடற்காற்று எதிர்த்து வீச, அலை நொறுங்கிக் குழம்பிவிடும். எனவே இத்தொழிலின் பொன்னான வேளை பஜ்ருக்குப் பிறகு தொடங்கிப் பெரும்பாலும் லுஹருக்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. சுப்ஹைத் தவறவிட்டுப் பத்து மணிவரை உறங்கும் நம் வாலிபர்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்குப் பஜ்ரு ஜமாஅத் கிடைக்க வாய்ப்பு அதிகம். உளூவுக்கும் தடையில்லை, கடலில் செல்வோர் தம் குடிநீர் குறைவைச் சொல்லிக் கேட்டபோது, கடல்நீர் தூய்மையாக்கக்கூடியது என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்த ஹதீஸை மக்தபின் ஃபிக்ஹு வகுப்பிலேயே படிக்கிறோம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது உயிர்.

அலை வருகிறது என்கிறோம். ஆழத்தில் நீர் வருவதில்லை, விசைதான் வருகிறது. நீர்த்துளி ஏறத்தாழ வட்டமாகச் சுழன்று தன் இடத்துக்கே மீள்கிறது. கரையை நெருங்கி அடிமணல் மேலேறும்போது அலையின் கால் தடுக்கப்படுகிறது, தலை முந்துகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அது கவிழ்ந்து உடைகிறது. அதாவது ஆளுயர அலை ஆளுயரத்தைவிடச் சற்றே ஆழமான நீரில்தான் உடைகிறது. படம் எடுப்பவர் நிற்க வேண்டிய இடம் சரியாக அதுவே. தலைக்குமேல் நீர்ச்சுவர், காலுக்குக் கீழே மணலோ பாறையோ. படம் எடுத்த மறுகணம் அலையின் அடியில் மூழ்கி மறுபக்கம் வெளிவரத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் பலகையும் ஆளும் அவர்மீது வந்து விழலாம்.

ஹவாயில் பைப்லைன் என்ற புகழ்பெற்ற அலையில் ஜான் மோஸோ என்ற படக்கலைஞர் 2005இல் நீருக்குள் பணியிலிருந்தபோதே உயிரிழந்தார். பழுத்த அனுபவசாலி. நம் பக்கத்திலும் பாருங்கள்: 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரை ஒரே நாளில் அலை இழுத்துச் சென்றது. தென்னிந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் அலைக்கூட்டம், இங்கே காற்றே இல்லாதபோதும் திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுக்கிறது. அதைப் பார்க்காமல் கடலில் இறங்குபவர் தவக்குல் வைக்கிறார் என்று நாம் சொல்ல மாட்டோம்.

தம் கைகளாலேயே அழிவுக்குள் தம்மைத் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்று பகரா அத்தியாயம் தடுக்கிறது. கடல் கொந்தளிக்கும்போது பயணம் செய்பவரிடமிருந்து பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் இமாம் புகாரீயின் அல்அதபுல் முஃப்ரதில் ஒரு செய்தி உண்டு. நாம் அறிந்தவரை இத்தொழிலின் ஃபிக்ஹு இந்தப் புள்ளியில்தான் இருக்கிறது, தஸ்வீரில் அன்று. நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்ற நபிமொழியைச் சிலர் இங்கே எடுத்து வைக்கிறார்கள். அது இழந்த குடும்பத்துக்கு அல்லாஹ் தரும் ஆறுதல். எச்சரிக்கைக் கொடியைக் கடந்து போக அதை அனுமதிச் சீட்டாகக் காட்டலாகாது.

ஆபத்து இருக்கிறது என்பதாலேயே தொழில் தடையாகிவிடுமா? அப்படியானால் கீழக்கரையில் சங்கு குளித்தவர்களை என்ன சொல்வது? மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி முத்தெடுத்த நம் முன்னோரை? மரக்கலம் ஏறிப் பருவக்காற்றை நம்பிக் கீழை நாடுகளுக்குச் சென்ற மரக்காயர்களை? கடலைக் கண்டு ஒதுங்கிய சமுதாயமன்று நம்முடையது. காயல்பட்டினமும் நாகூரும் பரங்கிப்பேட்டையும் கடலின் ஊர்கள். மந்தைவெளிக்கு வந்து அடுக்குமாடியில் குடியேறிய பின், நடந்தால் எட்டும் பட்டினப்பாக்கத்துக் கடல் நமக்கு ஞாயிற்றுக்கிழமை சுண்டல் தின்னும் இடமாகச் சுருங்கிவிட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? அல்லாஹ்வின் நினைவு இல்லாத செயல்கள் வீண் என்று சொல்லி, விதிவிலக்காக நான்கைக் குறிப்பிடும் ஹதீஸ் நஸாயீயின் பெரிய தொகுப்பில் உள்ளது. அந்நான்கில் நீந்தக் கற்பதும் ஒன்று. (பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பியுங்கள் என்று சுவரொட்டிகளில் நபிமொழியாக அச்சிடப்படுவது, உமர் (ரலி) அவர்களின் கூற்றாகவே பெரிதும் அறியப்படுகிறது. இனி அச்சிடுவோர் கவனிக்கவும்.)

அடுத்து வருமானம். தகப்பனார்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் கேள்வி இது. இந்தத் துறையின் பெரிய பெயர்களையே எடுத்துக்கொள்வோம். 1930களில் கலிஃபோர்னியாவில் நீர்புகாப் பெட்டியைத் தாமே செய்து அலைகளைப் படமெடுத்த ஜான் பால் ஒரு பல் மருத்துவர். ‘டாக்’ என்றே அழைக்கப்பட்டார். ஆஸ்திரேலியாவின் ரே காலின்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 2007இல் முழங்காலில் அடிபட்டு வீட்டிலிருந்தபோது கேமராவைக் கையிலெடுத்தார். அவருக்கு நிறக்குருடு என்பது கூடுதல் செய்தி. ஒளியும் நிழலும் வடிவமும்தான் அவர் படங்களின் பலம். ஹவாயின் கிளார்க் லிட்டில் தாவரவியல் பூங்காவில் பணியாற்றியவர். அதே 2007இல் அவர் மனைவி படுக்கையறைச் சுவரில் மாட்ட ஒரு கடற்கரைப் படம் வேண்டுமென்று விரும்ப, கடைக்குப் போகாமல் கேமராவோடு கடலுக்குப் போனார். கரையிலேயே உடையும் அலையின் உள்ளிருந்து அவர் எடுத்த படங்கள் உலகெங்கும் வீட்டுச் சுவர்களை அடைந்துள்ளன.

இவர்கள் மூவருக்கும் கையில் வேறொரு தொழில் இருந்தது. நம் கரையில் அலையை மட்டுமே படமெடுத்துக் குடும்பம் நடத்துவது எளிதன்று. பயிற்சிப் பள்ளிக்கு வருவோரை நீருக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பது, போட்டிகளுக்கான வேலை, விடுதிகளுக்கான விளம்பரம், திரைப்படக் குழுக்களுக்கு நீரடி ஒளிப்பதிவு என்று நாலு வாய்க்காலிலிருந்து சேர்ந்தால்தான் ஒரு குளம் நிறையும். ஆகவே படிப்பை விட்டுவிட்டுப் போகலாகாது. தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு முறையாகக் கற்கலாம். மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயிலில் போய்வரும் தூரம்தான். உயிர்காப்புப் பயிற்சிக்குக் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. முதலாவது உயிர்காப்பு, இரண்டாவது கேமரா என்பதே நாம் அந்த மாணவருக்குச் சொன்ன வரிசை. ஓராண்டு கேமரா இல்லாமல் நீந்தட்டும். இழுநீரில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல் பக்கவாட்டில் நீந்தி வெளிவருவது உடம்புக்குப் பழகட்டும். தனியே ஒருபோதும் இறங்க வேண்டாம். எந்தக் கடல் எந்தக் காற்றுக்கு எப்படி மாறும் என்பதைச் சீனிவாசபுரத்து மீனவரிடம் அமர்ந்து கேட்கட்டும். அவர்களைவிட நல்ல உஸ்தாது இந்த விஷயத்தில் எங்கும் கிடைக்க மாட்டார்.

லுக்மான் அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தில், அலை மேற்கூரைகள்போல் மனிதர்களை மூடும்போது அவர்கள் கலப்பற்ற உள்ளத்தோடு அல்லாஹ்வை அழைப்பதும், கரை சேர்ந்ததும் மாறிவிடுவதும் சொல்லப்படுகின்றன. ‘ழுலல்’ என்ற அச்சொல்லை இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு மலை என்றும் மேகம் என்றும் விரிவுரைகளை ஒட்டி விளக்கி வந்திருக்கிறோம். அந்த மாணவர் தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அலையின் உள்ளிருந்து எடுத்தது. மேலே நீரே கூரையாக வளைந்து நிற்க, தொலைவில் சிறு துளையாக வெளிச்சம். அடுத்த முறை அவ்வசனத்தை நடத்தும்போது அந்தப் படத்தை வகுப்பில் காட்டுவோம்.

கடைசியாக, அந்த அத்தா கேட்காத ஒன்று. நல்ல நீர்புகாக் கூட்டின் விலை சில வேளை கேமராவின் விலையையே எட்டுகிறது. மகன் லென்ஸை மாதத் தவணையில் வாங்கியிருக்கிறார். ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தோம், வட்டி தெளிவாக எழுதியிருந்தது. வீடு முழுக்கப் படம் ஹராமா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்க, ஐயத்துக்கே இடமில்லாத ஹராம் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. மீதித் தவணையை ஒரே முறையில் அடைத்துவிட ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறோம். தையல் இயந்திரத்துக்கும் ஆட்டோவுக்கும் வட்டியில்லாக் கடன் கொடுக்கும் நம் மஹல்லா ஜமாஅத்கள், இத்தகைய கருவிகளுக்கும் கர்ழு ஹஸன் கொடுக்க முன்வருமா என்பதை நிர்வாகிகளின் அடுத்த அமர்வில் கேட்க எண்ணியுள்ளோம். கருவியை அடமானமாக வைத்து, 24 மாதங்களில் திருப்பும் முறையில் ஒரு வரைவையும் எழுதி வைத்திருக்கிறோம்.